ஒற்றை பிக்கப் கிடாரும் முன்வரிசை அக்காவும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, காணும் பொங்கலன்று சாயங்காலம், எண்ணூர் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் நடந்த சம்பவம் இது. தெருவை மறித்து மேடை போட்டிருந்தார்கள். உறியடி, கோலப் போட்டி, மியூசிக்கல் சேர் எல்லாம் முடிந்து, பரிசளிப்புக்கு முன்னால் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

நான் திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடும் வேலையில் இருக்கிறேன். வேலை நேரம் போக எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பேன். எங்கள் பேண்டில் மொத்தமே இரண்டு பேர்தான். கிடாரும் பாட்டும் நான். அதே ஆபீசில் பில்லிங் பார்க்கும் என் தோழி டிரம்ஸ். பங்க் ராக் என்பார்கள். பல சுரங்களைச் சேர்த்து அடிக்கிற கார்டு மூன்றே மூன்று, வேகமான தாளம், மனதில் இருப்பதை நேராகக் கத்திச் சொல்வது, அவ்வளவுதான். டிரெய்லர் லாரிகளுக்கு நடுவில் ஸ்கூட்டி ஓட்டுகிற பயம், மொட்டை மாடியில் காயும் துணியில் படிகிற கரி, நிற்காமல் போகிற பஸ், இதெல்லாம்தான் எங்கள் பாட்டு.

என் கிடாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பி அதிர்வதை வாங்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் காந்தத்துக்கு பிக்கப் என்று பெயர். பெரும்பாலான கிடார்களில் இரண்டோ மூன்றோ இருக்கும். என்னுடையதில் ஒன்றே ஒன்று. ஒரு வால்யூம், ஒரு டோன், வேறு சுவிட்ச் கிடையாது. செகண்ட் ஹேண்டில் வாங்கியபோது கடைக்காரரே, "மேடம், இது கத்துக்கிறவங்க வெச்சுக்கிறது" என்றார். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. மெதுவாக அடித்தால் மெதுவாகப் பேசும், ஓங்கி அடித்தால் கத்தும். என் கை என்ன செய்கிறதோ அதை அப்படியே சொல்லிவிடும். நடுவில் வேறு எதுவும் வந்து என்னைக் காப்பாற்றாது. அதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

அன்றைக்கு முதல் பாட்டு ஆரம்பித்த உடனேயே முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா முகத்தைச் சுளித்தார். ஐம்பது வயதிருக்கும். கைகளைக் கட்டிக்கொண்டு என்னையே முறைத்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும் அவர் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னா பாட்டுமே இது? மண்டைக்குள்ள கம்பி வுட்டு ஆட்ற மாதிரி கீது! கோலத்துக்கு பிரைஸ குடுத்துட்டு அப்பால கத்துங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்று இருந்தது. நம்ம பக்கத்து ஜனங்கள், நம்ம பக்கத்துப் பேச்சிலேயே எழுதின பாட்டு. இவர்களுக்குக்கூடப் பிடிக்கவில்லையா? அந்த அக்காவை எழுந்து ஆட வைக்காமல் இறங்கக் கூடாது என்று மனதுக்குள் ஒரு வீம்பு வந்துவிட்டது.

இரண்டாவது பாட்டு முடியும்போது என் ஆம்ப்ளிஃபயர் அணைந்துவிட்டது. மேடைக்குக் கரண்ட் கொடுத்த ஜெனரேட்டருக்கு லோடு தாங்கவில்லை என்றார்கள். உதவிக்கு நின்ற ஒருவர் ஆம்ப் பிளக்கைப் பிடுங்கி, பக்கத்து வீட்டிலிருந்து இழுத்து வந்த வேறொரு ஒயரில் செருகினார். ஆம்ப் உயிர் பெற்றது. கிடாரைத் தொட்டபோது விரல்களில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. வேர்வை, கடல் காற்று என்று நினைத்துக்கொண்டேன். மைக் மட்டும் இன்னும் ஜெனரேட்டரில்தான் இருந்தது. அது எவ்வளவு ஆபத்து என்று எனக்கு அப்போது தெரியாது.

மூன்றாவது பாட்டு. கார்டைப் பிடித்துக்கொண்டு மைக்கிடம் போனேன். உதடு மைக்கைத் தொட்டது.

அந்த நொடியை இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தாடை பூட்டிக்கொண்டது. இடது கை கிடாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது, விட முடியவில்லை. உடம்பு மொத்தமும் உதறியது. கத்த வேண்டும் என்று நினைக்கிறேன், சத்தம் வரவில்லை. என் உதறலில் கம்பிகள் அதிர்ந்து ஆம்ப் பெரிதாக அலறியது. கூட்டம் விசிலடித்தது! ராக் பாடுகிறவர்கள் இப்படித்தான் ஆடுவார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். பின்னால் என் தோழியும் நான் ஏதோ புதிதாகச் செய்கிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக டிரம்ஸ் அடித்தாள். இத்தனை பேர் கைதட்டச் செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தது மட்டும் தெளிவாக ஞாபகம் இருக்கிறது.

அப்போது முன்வரிசை அக்கா எழுந்தார். உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் சேரைத் தூக்கினார். இரண்டே எட்டில் மேடைக்கு வந்து, மைக் ஸ்டாண்டை ஓங்கி ஒரு அடி அடித்தார். ஸ்டாண்ட் பறந்து போய் விழுந்தது. பூட்டு திறந்த மாதிரி என் உடம்பு விட்டுப்போய், நான் டிரம்ஸ் மேலேயே மல்லாந்து விழுந்தேன்.

நான்கைந்து பேர் ஓடிவந்து அந்த அக்காவைப் பிடித்துக்கொண்டார்கள். பாட்டுப் பிடிக்காத கோபத்தில் என்னை அடித்துவிட்டார் என்று நினைத்தார்கள்.

"ஏ அக்கா, பேஜாரு பண்ணாத! இன்னா வேல பண்ணிகினு கீற?"

"என்ன வுடுங்கடா, அந்தப் பொண்ணுக்கு ஷாக்கு அட்ச்சிகினு கீது! அவ மேல கை வெக்காத! பிளக்க புடுங்கு, ஜல்தி!"

பிளக்கைப் பிடுங்கினார்கள். அதற்கப்புறம் எனக்குத் தெரிந்தது ஆஸ்பத்திரி மின்விசிறிதான். இதயத் துடிப்பில் கோளாறு எதுவும் இல்லை என்றார்கள். கீழுதடு வெந்திருந்தது. இடது கை விரல்களில் கம்பி பதிந்திருந்த இடங்களில் மெல்லிய கோடுகளாகக் கருகியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். அவர் டிரெய்லர் ஓட்டுபவர், எதற்கும் லேசில் பயப்பட மாட்டார். அன்றைக்கு அவர் குரல் உடைந்திருந்தது. "போதும்மா, அந்த கிடார வித்துடலாம்."

விற்றுவிட்டால் பயம் என்னோடேயே தங்கிவிடும் என்று தோன்றியது. ஆனால் கிடாரைத் தொடவும் முடியவில்லை. காயம் ஆறி வெகுநாள் கழித்தும், பையின் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு மறுபடி மூடிவிடுவேன். வீட்டுத் தண்ணீர்க் குழாயைத் திறக்கும்போதுகூட ஒரு கணம் கை பின்னால் போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, இப்படியே விடக் கூடாது என்று உட்கார்ந்தேன். கிடாரை வாசிக்க அல்ல, திறந்து பார்க்க. விழுந்ததில் ஒயர் செருகும் சாக்கெட் பிய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் தூக்கினால், உள்ளே பார்க்க ஒன்றுமே இல்லை. பிக்கப்பிலிருந்து வருகிற ஒயர், வால்யூமுக்கும் டோனுக்கும் இரண்டு திருகு, ஒரு சாக்கெட். கம்பிகள் கட்டியிருக்கும் பிரிட்ஜ் என்ற இரும்புத் தகட்டிலிருந்து தனியாக ஒரு எர்த் ஒயர். வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டு லைனில் கசிந்த கரண்ட், ஆம்பிலிருந்து அந்த ஒயர் வழியாகத்தான் கம்பிக்கு வந்து, என் கை வழியாக உதட்டுக்கும் மைக்குக்கும் பாய்ந்திருக்கிறது.

அதை வெட்டிவிடலாம் என்றுகூட ஒருவர் இணையத்தில் எழுதியிருந்தார். வெட்டினால் கிடார் எந்நேரமும் 'ங்ங்ங்' என்று இரைந்துகொண்டே இருக்குமாம். கட்டரைக் கையில் எடுத்துவிட்டு, கீழே வைத்தேன். தப்பு கிடாரில் இல்லை, மேடைக்கு வந்த லைனில். சரிசெய்ய வேண்டியது அதைத்தான். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் அயர்ன் வாங்கி, சாக்கெட்டை நானே ஒட்டினேன். முதல் ஒட்டு காக்கா எச்சம் மாதிரி இருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். பிறகு ஆம்புக்கென்று தனியாக ஒரு பெட்டி செய்தேன். கரண்ட் கசிந்தால் அந்தக் கணமே டிரிப் ஆகிற சுவிட்ச் அதில் இருக்கும். ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைச் சோதித்தும் கொண்டேன்.

முதல் தடவை ஆம்பைப் போட்ட அன்று, விற்றுவிடலாம் என்று சொன்ன அதே மனிதர் மெயின் சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"தொடும்மா. நான் இங்கதான் கீறேன்."

ஒரு விரலால் கம்பியைத் தொட்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கார்டு அடித்தேன். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பாட்டு முழுவதையும் வாசித்தேன்.

அதற்குப் பிறகுதான் அந்த அக்காவைத் தேடிப் போக தைரியம் வந்தது. திருவொற்றியூர் மீன் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னாமே, ஸ்டாண்டு ஒட்ஞ்சி போச்சுன்னு கேட்க வந்துகிறியா?"

காலில் விழப் போன என்னை, மீன் கை படாமல் முழங்கையாலேயே தடுத்தார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"அவங்கல்லாம் பாட்ட பாத்துகினு இருந்தானுங்க. எனுக்கு அது புடிக்கல, எப்போடா முடிப்பன்னு உன் மூஞ்சியயே பாத்துகினு இருந்தேன். பாட்றப்போ நீ கண்ண மூடிக்குவ. அப்போ கண்ணு தொறந்தே இருந்துச்சு. மழ தண்ணில ஒயரு அறுந்து வுழுந்து எங்க தெருவுல ஒர்த்தரு போனாரு. அவருக்கும் அதே கண்ணு."

ஒரு மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்தார். பிறகு அவரே கேட்டார்.

"இன்னும் பாடுறியா?"

"பாடுறேங்க்கா. இந்த வருசமும் அங்கயே பாடணும்."

"பாடு. உன் பாட்டு புடிக்கலன்றது வேற, நீ போய்ச் சேர்றது வேற. ஒயர பாத்துட்டு ஏறு."

விழா நடத்துகிறவர்கள் லேசில் சம்மதிக்கவில்லை. "எக்கா, போன தபாவே எங்களுக்கு உசுரு போய் வந்துச்சு. எதுனா ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார்கள். அவர்கள் பயம் நியாயமானதுதான். நான் விடவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் முன்னாலேயே போட்டுக் காட்டினேன். மைக், ஆம்ப் எல்லாம் ஒரே லைனில்தான், நான் செக் பண்ணாமல் ஒருத்தரும் ஏறக் கூடாது, நாங்கள் மட்டுமல்ல, பாட வருகிற எல்லோரும் என்றேன். இரண்டு மூன்று முறை அலைய விட்டு, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த வருடக் காணும் பொங்கலன்று மேடை ஏறியதும் முன்வரிசையைத் தேடினேன். அக்கா வரவில்லை. மகளுக்கு வளைகாப்பு என்று பிறகு சொன்னார்கள். அவர் அங்கே உட்கார்ந்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் ஏறினேன் என்பது அப்போதுதான் எனக்கே புரிந்தது. திரும்பிப் பார்த்தேன். என் தோழி டிரம்ஸை அப்படித் திருப்பிப் போட்டிருந்தாள், என் முகம் பக்கவாட்டில் அவளுக்குத் தெரிகிற மாதிரி. கம்பிகளில் விரலை வைத்தேன். மைக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரத்தை, பயம் போகும் வரை காத்திருக்காமல், பயத்தோடேயே கடந்தேன். நான்கு பாட்டும் பாடி முடித்துத்தான் இறங்கினேன்.

இப்போதெல்லாம் எந்த மேடையில் யார் பாடினாலும், அந்தப் பாட்டு எனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், ஒரு முறையாவது பாடுகிறவரின் முகத்தைக் கவனமாகப் பார்த்துவிடுகிறேன். ஒருவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள அவரைப் பிடித்திருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை என்பதை, ஒரு முறை உயிர் போய்த் திரும்பித்தான் நான் கற்றுக்கொண்டேன்.