கூவாத சேவலுக்கு நஷ்டஈடு

வில்லியனூர் மாட்டாஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தபோது, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற சிப்பாய், எங்கள் பக்கத்துப் பேச்சில் ‘சொல்தா’, ஒருவர் தன் செல்லச் சேவலோடு வந்தார். தனிக்கட்டை. கொம்பு மாதிரி முறுக்கிய மீசை. வெறுங்காலிலும் குதிகாலைச் சேர்த்து சல்யூட் அடித்த பிறகுதான் வாய் திறப்பார்.

சேவலின் தொண்டைப் புண்ணுக்கு நான் தடவிய மருந்தில் காரம் கூடிப்போய், அதன் குரலே போய்விட்டது. நாலு நாள் கழித்து முத்திரைக் காகிதத்தில் நஷ்டஈட்டு மனுவோடு வந்து நின்றார்.

“எவ்வளவு கேக்கறீங்க?” என்றார் டாக்டர்.

“காசு வேணாங்கய்யா. பட்டாளத்துல பியூகிள் ஊதி எயுப்புவாங்க. வூட்டுல இதுதான் எயுப்பும். இப்ப பொழுது ஏறுற வரிக்கும் தூங்கிப்புடறேன். இது மறுபடி கூவற வரிக்கும், தொண்டைய கெடுத்தவரு தெனம் வந்து என்னை எயுப்பட்டும்.”

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்து, மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அன்றிலிருந்து விடியுமுன் சைக்கிளை மிதித்தேன். வழி நெடுக அவரைத் திட்டுவேன். கதவைத் தட்டியதும் துள்ளி எழுந்து சல்யூட் அடிப்பார். பிறகு அவரே காப்பி போட்டுக் கொடுப்பார். குடித்ததும் என் கோபம் ஆறிவிடும்.

பத்தாம் நாள் தெருமுனையிலேயே சேவல் கூவுவது கணீரென்று கேட்டது. விட்டது தொல்லை என்று வேகமாகப் போனேன். கதவு திறந்திருந்தது. சேவல்மேல் கூடையைக் கவிழ்த்து, அதன்மேல் கம்பளியும் போர்த்தியிருந்தார். அடுப்பில் காப்பி கொதித்துக்கொண்டிருந்தது. மனிதர் கட்டிலில் கண்களை இறுக்க மூடிப் படுத்திருந்தார்.

அவருக்கு உண்மையில் எது நஷ்டமாகியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

திறந்திருந்த கதவைத் தட்டினேன்.