தப்பு காயும் வரை

என் இசையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் முதலில் எங்கே படித்தேன் என்றுதான் கேட்கிறார்கள். ஐந்தாம் வகுப்பு, அதுவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடம். போதுமா? அங்கிருந்து கப்பலேறி வந்து கீழ் கோத்தகிரியில் கொழுந்து மூட்டை சுமந்தேன். பிறகு சென்னை ஸ்டுடியோக்களில் அடுத்தவன் எழுதிய சுரங்களைப் பிரதி எடுத்து எடுத்தே மேற்கத்திய நொட்டேஷனை மடக்கிப் போட்டேன். இன்று ஜெகதளாவில் சொந்த வீட்டில் உட்கார்ந்து முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறேன். இந்த மலையில் இன்னொருவனைக் காட்டுங்கள் பார்ப்போம்.

குன்னூர் விழாவுக்குப் புதிதாக ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். மூடுபனி வரவேண்டுமாம், மலை ரயில் வரவேண்டுமாம், குயில் கூவவேண்டுமாம். அதற்கு ஒரு காலண்டர் வாங்கி மாட்டுங்கள் என்றேன்.

நான் எழுதியது பெரட்டு. தோட்டத்தில் விடியும் முன் தப்படித்து ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பார்களே, அது. எங்கள் அப்பாதான் தப்படிப்பவர். பனியில் தப்பின் தோல் தொய்ந்துவிடும். பாதியில் நிறுத்தி, நெருப்பில் காட்டி, விறைத்த பிறகுதான் மறுபடி அடிப்பார். அதுவரை சனம் முழுவதும் குளிரில் அசையாமல் நிற்கும். அப்படி நிற்பதைத்தான் நான் எழுதினேன். தப்புக்காரன் வெளியே போய்க் காய்ச்சிக்கொண்டு வரும் வரை வயலின்கள் அத்தனையும் ஒரே சுரத்தைப் பிடித்திருக்க வேண்டும். எத்தனை நேரம் என்று குறிக்கவில்லை. தோலுக்குத்தான் தெரியும். தப்படிப்பவன் நானேதான், வேறு எவனையும் நம்பவில்லை.

ஆர்க்கெஸ்ட்ராவை நடத்துவதற்கு வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், வெளிநாட்டில் படித்தவர். முதல் ஒத்திகையிலேயே என் கையில் பிளாஸ்டிக் தோல் போட்ட தப்பு ஒன்றைக் கொடுத்தார். இது பனிக்குத் தொய்யாது, அதனால் அந்த இடத்தைச் சுருக்கிவிட்டேன் என்றார்.

“ஏனுங்கய்யா, தப்பு காயற வரைக்கும் சும்மா ஒரே சுரத்த இழுத்துட்டிருந்தா சனம் எந்திருச்சுப் போயிருமுங்க.”

“போறவன் போகட்டும் தம்பி. பெரட்டுக்குப் பிந்தி வந்தவனுக்கே அரைப் பேருதான். பாதியில போறவனுக்கு அதுவும் கிடையாது.”

அரைப் பேர் என்றால் அரை நாள் கூலி. அது அவருக்குப் புரியவில்லை. புரியவைக்க நான் என்ன சம்பளத்துக்கா இருக்கிறேன்? வயலின்காரர்கள் சிரித்தார்கள். ஒருவர், பெரியவருக்குக் குளிர்காய ஆசை போலிருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. பாம்புச் செவி எனக்கு. அன்று அந்தப் பிளாஸ்டிக் தப்பையே அடித்துக் கொடுத்தேன். பயந்து அடங்கிவிட்டேன் என்று எடுத்துக்கொண்டார்கள்.

விழா அன்று கம்பளிக்குள் என் தோல் தப்பை வைத்துக்கொண்டு போனேன். அரங்கத்தின் பக்கவாசலுக்கு வெளியே கரியடுப்பு மூட்டி வைத்திருந்தேன். மண்டபத்துக்குள் பனி வந்து உட்கார்ந்திருந்தது; பாதி வாசிப்புக்குள் தோல் தளர்ந்துவிட்டது. வயலின்கள் சுரத்தைப் பிடித்தன. அவர் என்னைப் பார்த்து அடி என்று சைகை காட்டினார். நான் எழுந்து வெளியே நடந்தேன்.

சுரத்தை நிறுத்திவிட்டு அவர் மேலே போகலாமே என்பீர்கள். முடியாது. அடுத்த பகுதி முழுவதும் தப்பின் மேல்தான் நிற்கிறது. அது இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாதபடி எழுதியிருந்தேன். அவர் கையை இறக்கினால் மானம் போகும். இறக்கவில்லை.

நான் அவசரப்படவில்லை. தப்பைத் திருப்பித் திருப்பிக் காட்டினேன், விரலால் சுண்டிப் பார்த்தேன், மறுபடி காட்டினேன். உள்ளிருந்து அந்த ஒற்றைச் சுரம் வந்துகொண்டே இருந்தது. வில் பிடித்த கைகள் களைத்து, சுரம் நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கத்துக்காகத்தான் இத்தனையும். குளிரில் நிற்கிற சனத்தின் நடுக்கம் அது. நொட்டேஷனில் எழுத வராது.

உள்ளே போனேன். நாற்காலி ஒன்றும் காலியாகவில்லை. அவர் கை இன்னும் உயரத்திலேயே இருந்தது. அடித்தேன்.

முடிந்து கைதட்டும்போது சபைக்காக அவர் என்னிடம் கை நீட்டினார். என் இரண்டு கையும் தப்பில் இருந்தன. நான் அதைக் கீழே வைக்கவில்லை.