பள்ளத்துக்கு மூன்று நிமிடம்

நாட்டின் மன்றத்தில் யார் பேசலாம், யார் வாயை மூடலாம் என்று முடிவு செய்கிறவர் சபாநாயகர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அது பாதி உண்மைதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! அந்தப் பூசாரி அவைக்கு மேலே, கண்ணாடி அடைத்த ஒரு சின்ன அறையில், பொத்தான்கள் நிறைந்த பலகைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொத்தான். அழுத்தினால் அவருடைய மைக்கில் சிவப்பு விளக்கு எரியும், அவர் பேச்சு நாடு முழுக்கக் கேட்கும். மறுபடி அழுத்தினால் விளக்கு அணைந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்து இருக்கைக்காரருக்கு மட்டும்தான் கேட்கும். அவரும் பெரும்பாலும் தூக்கத்தில் இருப்பார்.

அந்தப் பூசாரியைத் தெருவில் எல்லோரும் மைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். இளவயதில் சவுண்ட் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர். கட்சிக் கூட்டங்களுக்குப் பெட்டி சுமந்து, கம்பத்தில் ஏறிக் கூம்பு ஸ்பீக்கர் கட்டியவர். அங்கே பேச்சாளர் விடிய விடியப் பேசினாலும் நிறுத்த முடியாது, நிறுத்தினால் அடி விழும். பிறகு பரீட்சை எழுதி மன்றத்தின் ஒலிப்பிரிவில் வேலை கிடைத்தபோது அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பேச்சாளர்களை நிறுத்துவதற்கே மாதச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

வேலையும் சுலபம். அமைச்சர்களுக்கு நேரக் கணக்கு கிடையாது. ஆளுங்கட்சி உறுப்பினருக்குப் பத்து நிமிடம், எதிர்க்கட்சிக்காரருக்கு மூன்று. சபாநாயகர் ஒரு மணி அடித்தால், முடித்துக்கொள்ளுங்கள் என்று பொருள். இரண்டாம் மணி அடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால், அணைத்துவிடு என்று பொருள். மைக்காரரின் கண் அந்தக் கண்ணாடியில் இருக்கும், விரல் பொத்தானில் இருக்கும். காதுக்கு மட்டும் வேலையே இல்லை. "பேசுறவங்களே கேக்குறதில்ல, எனக்கு மட்டும் என்ன வேண்டுதலா?" என்பார். இருபது வருடத்தில் எத்தனையோ பேச்சுகளை அணைத்தவர், ஒன்றையாவது முழுசாகக் கேட்டதில்லை.

இத்தனை அதிகாரம் படைத்தவருடைய வீட்டு வாசலில் ஒரு பள்ளம் இருந்தது.

நான்கு வருடத்துக்கு முன்பு, தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று சொல்லி மண் தோண்டும் இயந்திரம் வந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, வாசல்படிகளை ஒட்டி, ஓர் ஆள் ஆழத்துக்குத் தோண்டினார்கள். தோண்டியவர்கள் போய்விட்டார்கள். குழாய் போடுகிறவர்கள் வரவில்லை. கான்ட்ராக்டரைக் கேட்டால் இலாகாவைக் கைகாட்டினார், இலாகா நிதித்துறையைக் கைகாட்டியது, நிதித்துறை மேலே கைகாட்டியது. மேலே வானம்தான் இருந்தது. அது ஒன்றுதான் சொன்னபடி செய்தது, மழை பெய்து பள்ளத்தை நிரப்பியது. வீட்டுக்கு ஒரு பலகையைக் குறுக்கே போட்டுக்கொண்டு தெருக்காரர்கள் கயிற்றில் நடக்கும் வித்தைக்காரர்கள் மாதிரி நடக்கப் பழகினார்கள். அமைச்சரோ கூட்டத்தொடருக்குக் கூட்டத்தொடர், பணி எண்பது சதவீதம் முடிந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோண்டுவதுதான் எண்பது சதவீதமாம். குழாய் போடுவதும் மூடுவதும் சில்லறை வேலையாம்.

மற்றவர்கள் பலகையில் நடந்துவிடலாம். மைக்காரரின் அப்பாவால் முடியாது. அவர் முப்பது வருடம் அரசுப் பேருந்து ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கால் போய்விட்டது. சக்கர நாற்காலியில் பழகி, மாலையில் தெருமுனை டீக்கடைக்குப் போய்ப் பழைய கூட்டாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வர ஆரம்பித்த மாதம்தான் வாசலைத் தோண்டினார்கள். முதல் வாரம் பலகைமேல் தள்ளிப் பார்த்தார்கள். நடுவில் பலகை வளைந்து சக்கரம் விளிம்பைத் தாண்டியது. மைக்காரர் எட்டிச் சட்டையைப் பிடித்து இழுத்ததால் நாற்காலி மட்டும்தான் விழுந்தது. அக்கம்பக்கத்து ஆட்கள் ஓடி வந்து, தினமும் நாங்கள் தூக்கிக் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போற நாள் ஒண்ணு வரும்ல, அன்னைக்குத் தூக்குங்க," என்றார் அப்பா. "அதுவரைக்கும் நான் போனா சக்கரத்துலதான் போவேன்."

அதோடு சரி. நான்கு வருடமாக அவருக்கு உலகம் ஜன்னல்தான். அவரோடு ஒரே பேருந்தில் ஓடிய பழைய கண்டக்டர் மாலையில் வருவார். அவருக்கு முழங்கால் வலி, பலகையில் ஏறப் பயம். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் அவர் நின்றுகொண்டு கத்துவார், இந்தப் பக்கம் ஜன்னலிலிருந்து இவர் கத்துவார். தண்ணீர் நாறினால் அன்றைக்குப் பேச்சு சீக்கிரம் முடிந்துவிடும். போன மாதத்திலிருந்து அப்பா சவரம் செய்துகொள்வதையும் விட்டுவிட்டார். கேட்டால், "யாரு பாக்கப்போறா?" என்றார். அதைக் கேட்ட மைக்காரர், கை கால் நன்றாக இருக்கிற மகன் இருந்து என்ன பிரயோஜனம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அவர் திட்டிக்கொண்டதோடு நின்றார். அவருடைய மனைவி அப்படி நிற்கிற ரகம் இல்லை. தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு தொகுதி உறுப்பினரின் வீட்டுக்கே போய்விட்டாள். அவர் எதிர்க்கட்சிக்காரர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, கூப்பிய கை, எந்த நேரமும் கலங்கத் தயாராக இருக்கும் கண்.

"நான் கத்தாத கத்தாம்மா? ஒவ்வொரு தடவையும் உங்க தெருப் பேரை எடுக்குறேன், உடனே மைக்கை கட் பண்ணிடுறாங்க. ஒத்தை மனுஷன் நான் என்ன பண்ணுவேன்?" என்றார். கண் கலங்கியது.

மனைவி நேராக வீட்டுக்கு வந்தாள். மைக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"மைக்கை கட் பண்றது யாருங்க?"

மைக்காரர் தட்டைப் பார்த்தார்.

"உங்களத்தான் கேக்குறேன். அந்த மனுஷன் நம்ம வாசலைப் பத்திப் பேச வாயெடுக்குறப்ப எல்லாம் அமுக்குனது நீங்கதானே?"

"எனக்கு என்னடி தெரியும்? சபாநாயகர் கண்ணாடியக் கழட்டுனாரு, அமுக்குனேன். எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?"

"அம்பு என் வீட்டுல உக்காந்து சோறு தின்னுதே, அதான் கேக்குறேன்."

ஜன்னலோரத்திலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "விடும்மா. அவன் வேலை அது. நிறுத்தச் சொன்னா நிறுத்தத்தான் வேணும்."

மனைவி கேட்டதைக்கூட மைக்காரர் தாங்கிக்கொண்டார். அப்பா பரிந்து பேசியதைத் தாங்க முடியவில்லை. இத்தனை வருடமாகத் தன் விரலுக்கு அடியில் எத்தனை உண்மை நசுங்கிச் செத்ததோ என்று நினைத்துப் பார்த்தார். கான்ட்ராக்டரின் பெயர், வாங்கிய லஞ்சம், கொடுத்த கை எல்லாம் அந்த உறுப்பினரின் தொண்டை வரை வந்து திரும்பிப் போயிருக்கும். அடுத்த தடவை அணைப்பதில்லை. வேலை போனாலும் சரி, அந்த மனுஷன் பேசி முடிக்கட்டும்.

கிடப்பில் கிடக்கும் திட்டங்களைப் பற்றிய விவாதம் வந்தது. தெருவே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தது. அப்பா அன்று சவரம் செய்துகொண்டார்.

முதலில் அமைச்சர் எழுந்தார், வெகுநேரம் உட்காரவில்லை. ஆற்றுப் பாலம் முடிந்துவிட்டது, அதற்குப் போகும் சாலை மட்டும்தான் பாக்கி என்றார். மருத்துவமனை தயார், கூரை மட்டும்தான் பாக்கி என்றார். இந்த அரசு எந்தத் திட்டத்தையும் கைவிடவில்லை, சில திட்டங்களுக்கு ஓய்வு கொடுத்திருக்கிறது என்றபோது ஆளுங்கட்சி மேசையைத் தட்டியது. தெருச் சாக்கடைப் பணி எண்பத்தைந்து சதவீதமாகியிருந்தது. கூடுதலாக வந்த ஐந்து, போன வாரம் பெய்த மழையாக இருக்கும்.

பிறகு நம் உறுப்பினருக்கு மூன்று நிமிடம் கிடைத்தது. முதல் நிமிடத்தில் தன் தலைவரை வணங்கினார். இரண்டாம் நிமிடத்தில் தலைவரைப் பெற்றவர்களை வணங்கினார். மூன்றாம் நிமிடத்தில் தனக்குப் பேச வாய்ப்பே கொடுக்கப்படவில்லை என்று விரிவாகப் பேசினார். முதல் மணி அடித்தது. உடனே அவர் குரல் உயர்ந்தது.

"அவைத் தலைவர் அவர்களே! என் தொகுதியில் ஒரு தெரு. அந்தத் தெருவில் நான்கு ஆண்டுகளாக ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குள் புதைந்திருக்கும் உண்மைகளை ஆதாரத்தோடு அடுக்கப்போகிறேன். முதல் உண்மை..."

இரண்டாம் மணி அடித்தது. சபாநாயகர் கண்ணாடியைக் கழற்றினார். மைக்காரரின் விரல் தன்னால் பொத்தானுக்குப் போனது. அவர் அதை இழுத்து, கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

விளக்கு அணையவில்லை.

"முதல் உண்மை..." என்றார் உறுப்பினர் மறுபடியும். மைக்கைப் பார்த்தார். "முதல் உண்மை என்னவென்றால்..." கையிலிருந்த தாளைத் திருப்பினார். அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்தது. அவைக்கும் அவர் என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க ஆசை வந்துவிட்டது. தூங்கியவர்கள் எழுந்துவிட்டார்கள். உறுப்பினர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்தார்.

"என்னய்யா இது, இன்னும் கட் பண்ண மாட்டேங்குறான்? இதுக்கு மேல நான் எதுவும் எழுதிட்டு வரலையே!"

நாடு முழுக்கக் கேட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்பது அன்று நேரலையில் ஒளிபரப்பானது. மைக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. அனுபவசாலிகள் முக்கியமான விஷயத்தைக் கடைசி மூச்சுக்கு வைத்துக்கொள்வார்கள். மைக் அணைந்துவிடும், ஊருக்குப் போய்க் கண் கலங்கலாம். இருபது வருடமாக அவர் நசுக்கியதாக நினைத்த உண்மைகள் எதுவும் அங்கே இருந்ததே இல்லை. இதற்கா பயந்து செத்தோம் என்று அவருக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சபாநாயகர் அந்த வாக்கியத்தை அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார். அமைச்சர் எழுந்து, உறுப்பினர் எழுப்பிய பிரச்சினையைப் போர்க்கால அடிப்படையில் அரசு தீர்க்கும் என்றார். தீர்த்தும்விட்டது. மைக் அணையாமல் போவதுதான் அந்தப் பிரச்சினை. பிறந்ததிலிருந்து ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் கைகோத்தன. நேரம் முடிந்தால் தானே மைக்கை அணைத்துவிடும் கருவி மாதம் முடிவதற்குள் வந்து, பொருத்தி, சோதித்து, முடிந்தும்போனது. நிதித்துறை வாயே திறக்கவில்லை. மைக்காரரை அடித்தளத்தில், உடைந்த நாற்காலிகள் அடுக்கிய கிடங்குக்கு மாற்றினார்கள்.

"நிறுத்தச் சொன்னப்ப நிறுத்தலையாடா?" என்று கேட்டார் அப்பா.

"இல்லப்பா."

"பஸ்ஸா இருந்தா சஸ்பெண்டு." நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, "நல்ல காரியம் பண்ணுன," என்றார். இருபது வருட வேலையில் மைக்காரருக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவர் சமையலறைக்குப் போனார்.

அந்த வாக்கியத்தோடு பள்ளமும் ஊர் உலகமெல்லாம் பிரபலமாகிவிட்டது. கேமராக்காரர்கள் வந்து பலகைமேல் நின்று பேசினார்கள். இலாகாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலையில் லாரி லாரியாக மண் வந்தது. மத்தியானத்துக்குள் பள்ளத்தை மூடி, ரோடு ரோலரை ஓட்டி, மேலே மெல்லிசாகத் தார் பூசிவிட்டார்கள்.

"சார், குழாய்?" என்று மைக்காரரின் மனைவி இன்ஜினியரைக் கேட்டாள்.

"பள்ளம் வேணாம்னுதானேம்மா எல்லாரும் கேட்டீங்க?" என்றார் அவர், உண்மையாகவே புரியாமல்.

சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளம் சாக்கடை இல்லாமலே மூடப்பட்டு, திட்டம் நூறு சதவீதம் நிறைவேறியது. மனைவி இலாகாவின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தாள். மைக்காரர் காதில் வாங்கவில்லை. அப்பாவுக்குச் சலவைச் சட்டை போட்டு, தலைவாரி, நாற்காலியைப் படியிறக்கினார். கண்டக்டர் நான்கு வருடத்தில் முதல்முறையாக வாசல்வரை வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் கத்தாமல் பேசப் பழக்கம் விட்டுப்போய், பக்கத்தில் நின்றும் கத்தினார்கள்.

பத்தடி போயிருப்பார்கள். தார் விரிசல் விட்டு, முன்சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கிவிட்டன. அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. தெருக்கோடியில் ரிப்பன் வெட்டுவதற்காக உறுப்பினர் வந்துகொண்டிருந்தார். தன் பேச்சுக்குக் கிடைத்த வெற்றி என்று பலகை எழுதியாகிவிட்டது. கேமராக்களும் கூடவே வந்தன. அவருடைய வெள்ளைச் சட்டை ஆட்கள் ஓடி வந்தார்கள்.

"பெரியவரைத் தூக்கி ஓரமா வைங்கப்பா, தலைவருக்கு நேரமாச்சு!"

"தொடாதீங்க," என்றார் அப்பா. அந்தக் குரலுக்கு முப்பது வருடம் பேருந்துகளே அடங்கியிருக்கின்றன. "வண்டி மாட்டிக்கிச்சுன்னா பாசஞ்சர் இறங்கித் தள்ளணும். அவருக்கு அவசரம்னா அவரை இறங்கச் சொல்லு."

எல்லாக் கேமராவும் காரின் பக்கம் திரும்பின. உறுப்பினர் இறங்கினார், வேறு வழியில்லை. சிரித்த முகத்தோடு கை கூப்பினார். பிறகு அந்தக் கையாலேயே நாற்காலியைப் பிடித்துத் தள்ளினார். வெள்ளை வேட்டியில் முழங்கால்வரை சேறு அடித்தது. இன்னொரு தள்ளில் சக்கரம் மேலே வந்தது. அவர் கையை உதறிவிட்டுக் காருக்குத் திரும்பினார்.

"எங்க போறீங்க?" என்றார் அப்பா. "டீக்கடை அதோ அங்க இருக்கு. பாதியில விட்டுட்டுப் போனா எப்படி?"