கன்னியம்மாக்காவுக்கு யார் பாடுவது?

அன்று காலையில் அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரத்தின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பேக்கிங் பிரிவுச் செல்லம்மா வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை. "பி.ஏ., கன்னிம்மா நம்மள வுட்டுட்டுப் பூட்டாம்மே" என்றாள். பி.ஏ. படித்ததால் எனக்கு இங்கே அந்தப் பெயர். அக்காவுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

நம் தொழிற்சாலையில் கன்னியம்மாக்காவைத் தெரியாதவர்கள் இல்லை. கல்யாணமான வருடமே புருஷன் வீட்டை விட்டு வந்தவர். நாடகக் குழு ஒன்றோடு நெல்லூர்ப் பக்கம் சுற்றினார், எண்ணூரில் உப்பு வாரினார், ராயபுரத்தில் மீன் விற்றார், கடைசியாக நம் பேக்கிங் பிரிவுக்கு வந்தார். "இப்படி வழிதவறித் திரிகிறாயே" என்று யாரோ கேட்டதற்கு, "ரோட்ல போறவனுக்குத்தான் வழி தப்பும். கடல்ல இன்னா வழி கீது, தப்பறதுக்கு?" என்றார்.

சாவு வீடுகளில் ஒப்பாரி வைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஒருமுறை துணைக்கு நானும் போனேன். போனதும் அவர் அழவில்லை. இறந்தவரின் மகளை ஓரமாக அழைத்து, "உங்கம்மா இன்னா சொல்லி உன்னத் திட்டும்?" என்று கேட்டார். "அடுப்ப அணைக்காமப் பூட்டியேன்னு" என்றாள் அவள். அதிலிருந்தே பாட்டை எடுத்தார். தெருவே அழுதது. திரும்பும் வழியில் சொன்னார்: "தங்கம், வைரம்னு பாடுனா எவளும் அழ மாட்டா. திட்டுனத எடுத்துப் பாடு, கண்ணு தானா ஒழுவும்."

வேலைநிறுத்தத்தின்போது நிர்வாகம் கேட்டைப் பூட்டிவிட்டது. கோஷம் போட்டுத் தொண்டை கட்டிய பெண்களை உட்காரவைத்து, வைக்கோலில் மேனேஜரைச் செய்து கிடத்தினார் அக்கா. பிறகு கேட்டுக் கம்பி வழியாக மேனேஜரின் கார் டிரைவரைக் கூப்பிட்டு, "நைனா, உங்க ஐயா இன்னாத்துக்குத் திட்டுவாரு?" என்றார். "காபி ஆறிப்போச்சுன்னு" என்றான் அவன், சிரிப்பை அடக்க முடியாமல்.

"காரேறி வந்த ராசா
தோளேறிப் போறீங்களே
காபி ஆறிப் போவுதய்யா
கண்ணு தொறக்க மாட்டீங்களா"

மாடி ஜன்னலில் நின்ற ஆபீஸ்காரர்கள் எங்களுக்கும் சிரிப்பு வந்தது. மேனேஜர் எழுந்து வந்து ஜன்னலைச் சாத்தினார்.

வேலைநிறுத்தம் முடிந்தது. பெண்கள் எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். அடுத்த மாதம் மேனேஜருக்கு மஞ்சள் காமாலை வந்தது. பிழைத்து எழுந்து, ஆபீசுக்கும் வந்துவிட்டார். ஆனால் உயிரோடு இருப்பவனுக்கு ஒப்பாரி வைத்த நாக்கு கருநாக்கு என்ற பேச்சு காலடிப்பேட்டை வரை பரவிவிட்டது. அதைப் பரப்பியது மேனேஜர் அல்ல. அன்று கேட்டில் உட்கார்ந்து கூடவே மாரடித்த பெண்கள்தாம். அதன்பின் சாவு வீட்டுக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போன ஒரு வீட்டில், "நீ வாணாம் தாயி, புள்ளகுட்டிங்க இருக்கற வூடு" என்று வாசலிலேயே கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

தெருவுக்கு வந்ததும், கூடப் போயிருந்த என்னிடம் சிரித்தார். "மேனேஜரு எழுந்து குந்தி காபி குடிச்சிக்கினு கீறாரு. இவங்க இன்னும் அவருக்குக் காரியம் பண்ணிக்கினு கீறாங்க." கொஞ்ச தூரம் போனபின், "பாட்டு வந்துகினே கீதுமே. எங்க போயி எறக்கறது?" என்றார்.

அக்கா இறந்த அன்று அவர் வீட்டில் பெண்கள் தலைவிரித்து அழுதார்கள். பாட்டு மட்டும் எழவில்லை. செல்லம்மா என் தோளை இடித்தாள். "நீதானமே அவகூடவே சுத்திக்கினு இருந்தே. ஒரு வரி எடுத்து வுடு, நாங்க புடிச்சிக்கிறோம்." மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். எங்கே தொடங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அக்கா என்னைத் திட்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுக்குத்தான். கேண்டீனில், பஸ்ஸில், மேனேஜர் அறைக்கு வெளியே, எங்கே பார்த்தாலும் அதே திட்டு: "இன்னா பி.ஏ., வாயில கொழுக்கட்டையா? வாயத் தொறயேன்மே!"

அதுதான் முதல் வரி. தொண்டை வரை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. மேளம் மறுபடியும் தொடங்கியது, பாடையைத் தூக்கிவிட்டார்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தத் திட்டு ஒன்றுதான். அவரை அறிந்தவர்களே, உங்களையும் அவர் ஏதாவது சொல்லித் திட்டியிருப்பார். உங்களில் குரல் இருப்பவர்கள் அங்கிருந்து தொடங்குங்கள். என்னால் எழுதத்தான் முடிகிறது.