மூடி திறந்த போத்தல்கள்

1984 ஆவணியில் குருநகர்க் கரையில் நண்டுகள் தாமாகவே ஏறிவந்து செத்தன. பொறுக்கப் போன பெண்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். புதிதாக வந்த, இறால் உரித்து ஏற்றும் வாடி, தலையையும் கோதையும் கழுவிவிட்ட வாய்க்கால் அங்கேதான் பரவைக்கடலில் விழுந்தது.

கடற்றொழிலாளர் சங்கம் கேட்டதால், தண்ணீரைச் சோதிக்க ஒரு தனியார் ஆய்வுகூடம் மக்டலீனை அனுப்பியது. நாற்பத்தொரு வயது, அதே கரையில் பிறந்தவ. இடுப்பளவு தண்ணீரில் இறங்கினா. தார்போன்ற சேறு காலை இழுத்தது. எடுத்துவைத்த அடிக்கெல்லாம் குமிழி கிளம்பி, கூழ்முட்டை நாறியது. அடித்தண்ணீரைப் போத்தலில் பிடித்ததும் துத்தநாக உப்புக் கரைசலைச் சொட்டுவிட வேண்டும்; இல்லாவிட்டால் அந்த நாற்றத்துக்குக் காரணமான நச்சு வாயு பறந்துவிடும். விட்டா. வாயு அவ்வளவு இருந்ததால் போத்தல் முழுக்க வெள்ளையாய்த் திரண்டது. கரைக்கு வந்து ஓங்காளித்தா.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் சிவசுப்பிரமணியம் அவ எழுதிய வாயுக் கணக்கைப் பார்த்துவிட்டு, சொட்டு விடாமல் வேறு தண்ணீர் பிடித்து வந்து, மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைக்கச் சொன்னார். வாடி முதலாளி அவருடைய மச்சான்.

"சேர், அப்பிடி வைச்சால் ஒண்டும் மிஞ்சாது."

அவர் மேசையில் ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்தார். ஆழ்கடலில் வெந்நீர் பீறிடும் வெடிப்பு. சுற்றிவரச் சிவந்த தலையுள்ள புழுக்கள்.

"பாரும். உந்த வாயுவிலைதான் இதுகள் சீவிக்குது. நீர் ஏன் பயப்பிடுறீர்?"

"அதுகள் அங்கை பிறந்ததுகள் சேர். எங்கடை நண்டு கரையேறிச் சாகுது."

அவர் சிரித்தார். மக்டலீன் போத்தல்களைத் தொட மறுத்துவிட்டா. போத்தல்களை வேறொருவர் வெயிலில் வைத்தார். தண்ணீரில் குற்றமில்லை என்று அறிக்கை போனது. அவ கையெழுத்துப் போடவில்லை. தன் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சங்கத் தலைவர் இன்னாசித்தம்பியிடம் கொடுத்தா. அந்தக் கிழமையே வேலை போனது.

சங்கத்தார் மண்மூட்டைகளால் வாய்க்காலை அடைத்தார்கள். முதலாளி மல்லுக்கு வரவில்லை. வாய்க்காலை அரை மைல் கிழக்கே, அடுத்த தேவாலயப் பங்குக் கரைக்குத் திருப்பிவிட்டான். மக்டலீன் போய் அதைப்பற்றிக் கேட்டபோது இன்னாசித்தம்பி வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"எங்கடை பக்கம் இப்ப வடிவாக் கிடக்கு. விடு பிள்ளை."

அவவுக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வெயிலோடு கரையோரமாய் நடந்து, அடுத்த பங்குச் சனத்திடம் போய், அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறதென்று வீடுவீடாகச் சொன்னா.