பூட்டிய சீனி

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி கழிந்த வாரம். பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு கடைவீட்டு மாடியில் நான் நடத்தும் சின்ன ஆலோசனை நிலையத்துக்கு, தோட்டப்புறமான நியாலாஸ் பக்கமிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். நான் பதிவு பெற்ற உணவியல் நிபுணர். நோயாளிகள் எதை, எப்போது, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வதுதான் என் தொழில். முறுக்கும் அதிரசமும் தம் வேலையைக் காட்டியிருக்கும் என்பதால், தீபாவளி முடிந்தால் எனக்குக் கூட்டம் கூடும்.

கணவர் செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். மனைவிக்கு நீரிழிவு, சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நான் அந்த அக்காவைப் பார்த்துத்தான் கேள்வி கேட்டேன். பதில் எல்லாம் அவர் கணவர், அந்த அண்ணனிடமிருந்து வந்தது. காலையில் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாலும் அவர். தூக்கம் எப்படி என்று கேட்டாலும் அவர்.

“இவளுக்கு வாயக் கட்டத் தெரியல மிஸ். யாரும் பார்க்காதப்ப டின் பால எடுத்துக் குடிக்கிறா. இந்த வயசுல திருட்டுத் தீனி!”

அக்கா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு குனிந்திருந்தார். எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. ஆனாலும் காசு கொடுத்து வந்தவரிடம் எரிந்து விழ முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சர்க்கரை அளவுகளைப் பார்த்தேன். அங்கேதான் எனக்கு இடித்தது. திருடித் தின்கிறவருக்கு அளவு ஏறத்தானே வேண்டும்? இவருக்குச் சில இரவுகளில் பயமுறுத்தும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஒரு தடவை குளியலறையில் விழுந்தும் இருக்கிறார். “அது பிரஷரு” என்று அதையும் அண்ணனே முடித்துவைத்தார்.

புரியாவிட்டால் நான் வீட்டுக்கே போய்விடுவேன். சமையலறை பொய் சொல்லாது என்பது என் அனுபவம். அந்த வாரக் கடைசியில், இரவுச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து நியாலாஸுக்குக் காரை விட்டேன்.

மேசையைச் சுற்றி நான்கு நாற்காலிகள். அண்ணன், வேலைக்குப் போகும் இரண்டு மகன்கள், விருந்தாளியாக நான். அக்கா தட்டுகளை வைத்தார். சமையலறைக்குள் போய் ஊசியைப் போட்டுக்கொண்டார். வந்து பரிமாற ஆரம்பித்தார். மீன் குழம்பு, அப்பளம், கீரை. நீங்களும் உட்காருங்கள் என்றேன். “நீங்க சாப்பிடுங்க மிஸ், நான் அப்புறம்” என்று சிரித்தார். பெரியவனுக்கு இன்னொரு அப்பளம், சின்னவனுக்கு மீனின் நடுத்துண்டு, அண்ணனுக்கு மறுசோறு. அவர் போட்டது வேகமாக வேலை செய்யும் இன்சுலின். போட்ட கொஞ்ச நேரத்தில் வயிற்றில் சோறு இருக்க வேண்டும். உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று நான் மறுபடி, மறுபடி சொன்னேன். மேசையில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் தட்டுக்கு மேலே வந்த கரண்டி நடுங்கியது. நிமிர்ந்து பார்த்தேன். முகம் வெளுத்து, சட்டையெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது. எழுந்து அவரைப் பிடித்து என் நாற்காலியில் உட்கார வைத்து, “சீனி எங்கே? சீக்கிரம்!” என்றேன்.

அக்கா சமையலறை அலமாரியைக் காட்டினார். அதில் பூட்டுத் தொங்கியது.

“சாவி அப்பாகிட்ட இருக்கு” என்றான் சின்னவன்.

மனைவி திருடித் தின்கிறாள் என்று சீனியையும் இனிப்பான டின் பாலையும் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார் மனிதர்! அந்தப் பாலைத்தான், பூட்டுப் போடும்வரை, அக்கா இப்படி நடுங்கும்போதெல்லாம் உயிர் பிழைக்கக் குடித்திருக்கிறார். அண்ணன் எழுந்தார். சாவியை எடுக்கவில்லை. “இருங்க, கை கழுவிட்டு வர்றேன்” என்று குழாய்ப் பக்கம் நடந்தார்.

எனக்கு வெறியே வந்துவிட்டது. “கையாவது காலாவது! பொண்டாட்டி சாகப் போறாங்க, சாவியக் குடுங்க!” என்று கத்தினேன். அவர் விறைத்து நின்றார். சின்னவன்தான் ஓடிப்போய் அப்பாவின் பையில் கையை விட்டுச் சாவியை உருவினான்.

சீனித் தண்ணீர் உள்ளே போன பிறகு மெல்ல மெல்ல அக்காவின் முகத்தில் ரத்தம் வந்தது. ஊசி போட்டதும் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன்.

“ராத்திரி சாப்பாட்டுக்கு முன்ன போடுன்னுதானே மிஸ் டாக்டர் சொன்னாரு? அதான் தட்டு வைக்கிறப்ப போட்டுடுவேன். இவங்கெல்லாம் சாப்பிட்டு எழுந்தப்புறம்தானே நான் சாப்பிடுவேன்.”

டாக்டர் சொன்ன சாப்பாடு தன்னுடையது என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு நேரம் என்றால் அது ஆண்களுடைய நேரம். சொல்லித் தராத டாக்டர் மீதும் எனக்குக் கோபம். மூக்குப் பிடிக்கத் தின்றுகொண்டிருந்த மகன்கள் மீதும் கோபம்.

“நான் நல்லதுக்குத்தான்லா மிஸ் பூட்டினேன்” என்றார் அண்ணன். “எங்கம்மாவுக்கு இந்த நோவுலதான் கால எடுத்தாங்க.”

அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கெட்டவரும் இல்லை. பயந்திருக்கிறார், காவல் காத்திருக்கிறார். பக்கத்தில் உட்கார வைத்து ஒரு வாய் சாப்பிடச் சொல்ல மட்டும் இத்தனை வருடத்தில் அவருக்குத் தோன்றவில்லை. அதை அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். பூட்டைக் கழற்றச் சொல்லி என் கையில் வாங்கிக்கொண்டேன். இனிமேல் சோறு போட்ட தட்டு அக்காவின் முன்னால் வந்த பிறகுதான் ஊசி என்று நான்கு பேரையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

அப்புறம் அக்காவுக்கு நானே சோறு போட்டேன். தன் வீட்டு மேசையில், கணவருக்கு எதிரில், கூச்சத்தோடு குழம்பைப் பிசைந்தார். பெரியவன் அதற்குள் எழுந்துபோய்க் குழம்பைச் சூடு பண்ணி எடுத்து வந்திருந்தான். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“மீன் குழம்பு சூடா இருந்தா இப்படியா மிஸ் இருக்கும்?”

அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது கோபம்தான். அக்கா இப்போது நன்றாக இருக்கிறார். எல்லாரோடும் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறாராம். ஆனால் இன்றைக்கும் ஒரு கணவர் தன் மனைவியின் வாயைப் பற்றி என்னிடம் புகார் சொல்ல ஆரம்பித்தால், அந்தப் பூட்டு என் மேசை இழுப்பறையில் கிடப்பது நினைவுக்கு வருகிறது. அந்தக் கோபம் ஆறிவிடக் கூடாது என்றுதான் அதை இன்னும் வைத்திருக்கிறேன்.