என்னை ஒப்படைக்க வந்த நர்ஸம்மா

எனக்கு எழுத வராது. அத்தை நான் சொல்லச் சொல்லத் தம்பி மகள் எழுதுகிறாள்.

வெள்ளைக்காரன் காலத்தில் எனக்குச் சித்தம் கலங்கியது. தூக்கம் போனது. யாரோ கூப்பிடும் குரல் காதிலேயே நின்றது. அந்தக் குரலின் பின்னால் கொல்லிமலையை விட்டு இறங்கி நடந்தேன். திருச்சிக் கடைவீதியில் எத்தனை மாதம் கிடந்தேனோ தெரியாது. போலீஸ்காரர்கள் பிடித்துப் போக, மாஜிஸ்திரேட் பட்டணத்து மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். முதலில் எல்லோரையும் அடித்தேன், கடித்தேன். பிறகு தூங்கினேன். தூங்கத் தூங்கக் குரல் குறைந்தது. தோட்டத்தில் கீரைப் பாத்தி ஒன்றைக் கொடுத்தார்கள். அதைக் கொத்திக்கொண்டிருந்த நாட்களில் குரல் நின்றே போனது.

குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதினார். ஆனால் உறவுக்காரர் கைநாட்டு வைத்தால்தான் விடுவார்களாம். மலைக்குப் போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை.

"வழி எனக்குத் தெரியுமுங்க. கூட யாரையாச்சும் அனுப்புங்க" என்றேன். நர்ஸம்மா ஒருவரை அனுப்பினார்கள்.

ரயிலில் அவர் என் கையை விடவே இல்லை. மலையடிவாரப் புளியஞ்சோலையில் ஓடையைத் தாண்டி ஏற்றம் தொடங்கியதும் கதை மாறியது. அவர் செருப்பு அறுந்தது, மூச்சு வாங்கியது. பெட்டியை என் தலையில் வைத்துக்கொண்டு, அவரைக் கைபிடித்து ஏற்றினேன்.

"இன்னும் எவ்ளோ தூரம்மா?"

"பாதிகூட வரலீங்க. உக்காருங்க, தண்ணி கொண்டாரேன்."

தண்ணீரோடு திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "ஓடிட்டியோன்னு நெனச்சேன்."

"உங்களக் காட்டுல உட்டுட்டு எங்கீங்க ஓடறது?"

இருவரும் சிரித்துவிட்டோம்.

மலைமேல், எங்கள் ஊர் இருக்கும் அரியூர் நாட்டில் தம்பி சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் அழுதான். நர்ஸம்மா கைநாட்டுக் காகிதத்தை நீட்டியதும் கையை இழுத்துக்கொண்டான்.

"கிறுக்கு மறுபடி வந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்? ஊட்டுல கொழந்தைங்க இருக்குதுங்க."

நர்ஸம்மா வாய் திறக்குமுன் நானே தம்பியிடம் சொன்னேன்: "வந்தாலும் வரும், சாமி. மொதல்ல தூக்கம் கெடும். ஒடனே உங்கிட்டச் சொல்லீர்றேன். என்னையக் கட்டிப்போடாத. ஆஸ்பத்திரியில கொண்டுபோய் உடு."

அவன் நர்ஸம்மா பக்கம் திரும்பினான். "எங்கக்கா முன்னகூட இத்தன தெளிவாப் பேசுனதில்லீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுக் கைநாட்டு வைத்தான்.

பிறகு ஒருமுறை கிறுக்கு வந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. மூன்றாம் நாள் காலையில் தம்பியிடம் சொன்னேன். ஓட்டிக்கொண்டிருந்த ஏரை அப்படியே விட்டுவிட்டு என்னோடு புறப்பட்டான். ஆஸ்பத்திரி வாசலுக்குள் நானே நடந்து போனேன். ஒரு மாதத்தில் திரும்பியபோது ராகி நடவு முடிந்திருக்கவில்லை. நானும் இறங்கி நட்டேன்.